எச்சரித்துவிட்டுப் போனவர்: அலெக்சாண்டர் ஃப்ளெமிங்

பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் யார்? ஸ்கூலில் ஒரு மார்க் கேள்வி. அலெக்சாண்டர் ஃப்ளெமிங் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்களுக்கு 1928, லண்டன், பூஞ்சை விழுந்த ஒரு தட்டு, இவ்வளவும் ஞாபகம் இருக்கும்.

ஆனா கதையோட இன்னொரு பாதி அந்த ஒரு மார்க்குக்குள்ள வராது. தான் கண்டுபிடித்த மருந்து ஒருநாள் வேலை செய்யாமல் போகலாம் என்று ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னவரும் அதே ஃப்ளெமிங்தான். அதுவும் தன்னுடைய நோபல் பரிசு உரையிலேயே சொன்னார். இன்றைக்கு ஐ.சி.யு.வில் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத பாக்டீரியாவைப் பற்றி நியூஸில் படிக்கிறோம் இல்லையா? அந்தக் கதையின் முதல் அத்தியாயம் இவருடைய வாழ்க்கைக்குள்ளேயே இருக்கு.

பண்ணை வீட்டுப் பையன்

ஃப்ளெமிங் பிறந்தது 1881 ஆகஸ்ட் 6. ஸ்காட்லாந்தில் ஏர்ஷயர் பகுதியில், டார்வெல் ஊருக்குப் பக்கத்தில் லாக்ஃபீல்டு என்ற பண்ணை. அப்பா ஹியூ ஒரு விவசாயி. அவருடைய இரண்டாவது மனைவி கிரேஸுக்குப் பிறந்த நான்கு பிள்ளைகளில் இவர் மூன்றாவது. இவருக்கு ஏழு வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு மைல் கணக்கில் நடை. வழியில் ஓடை, பறவைக்கூடு, முயல் வளை. கண்ணில் படுவதை எல்லாம் நின்று கவனிக்கிற பழக்கம் அங்கேதான் வந்திருக்க வேண்டும். பதின்மூன்று வயதுவாக்கில் லண்டனில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து, கொஞ்ச காலம் பாலிடெக்னிக்கில் படித்து, பிறகு ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நான்கு வருஷம் அந்த வேலைதான். இருபது வயதில் ஒரு சொந்தக்காரர் விட்டுப்போன சொத்தில் இவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஏற்கெனவே டாக்டராக இருந்த அண்ணன் டாம், அந்தப் பணத்தை வைத்து நீயும் மெடிசின் படி என்று தள்ளிவிட்டார்.

சேர்ந்த இடம் பாடிங்டன் பகுதியில் இருந்த செயின்ட் மேரிஸ் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரி. ஏன் அந்தக் காலேஜ்? ஒருமுறை அவர்களுக்கு எதிராக வாட்டர் போலோ ஆடியிருந்தார், அவ்வளவுதான் காரணம். கவுன்சலிங்கில் காலேஜ் சாய்ஸ் போடும்போது நாம் யோசிப்பதை விட இது ஒன்றும் மோசமில்லை. 1906-ல் டாக்டராகத் தேறினார். அடுத்து சர்ஜன் ஆகிற யோசனை. ஆனால் காலேஜ் துப்பாக்கி சுடும் டீமில் இவர் நல்ல ஷூட்டர். இவரை விட்டுவிடக் கூடாது என்று நினைத்த டீம்காரர் ஒருவர், அதே ஆஸ்பத்திரியில் ஆம்ரோத் ரைட் என்பவர் நடத்திய ஆராய்ச்சித் துறையில் இடம் பிடித்துக் கொடுத்தார். தற்காலிகமாகப் போனவர் கடைசிவரை அந்த ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவில்லை.

போர்க்காலத்தில் கற்ற பாடம்

முதல் உலகப் போர் வந்ததும் ரைட்டின் குழு பிரான்ஸில் பூலோன் நகரத்துக்குப் போனது. ஒரு சூதாட்ட விடுதியை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். அதில்தான் இவர்களுடைய லேப். குண்டுச் சிதறல் பட்ட சிப்பாய்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காயத்தில் பிழைத்தவர்களும் அதில் ஏறிய கிருமியால் செத்துப்போனார்கள். டாக்டர்கள் காயத்துக்குள் கிருமிநாசினியை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஃப்ளெமிங் சந்தேகப்பட்டார். ஒரு கண்ணாடி டெஸ்ட் டியூபைச் சூடாக்கி, பக்கவாட்டில் முள் முள்ளாக இழுத்து, உள்ளே சந்து பொந்து உள்ள ஒரு செயற்கைக் காயம் செய்தார். அதில் கிருமி கலந்த திரவத்தை ஊற்றிக் கொட்டினார். பிறகு கிருமிநாசினியை நிரப்பிக் கொட்டினார். கடைசியில் சுத்தமான திரவத்தை ஊற்றி வைத்தால், கிருமிகள் மறுபடி வளர்ந்து நின்றன. மருந்து அந்தச் சந்துகளுக்குள் போகவே இல்லை. அது மட்டுமில்ல, கிருமியோடு சண்டை போடுகிற நம்முடைய வெள்ளை அணுக்களைத்தான் அந்த மருந்து முதலில் கொன்றது. செத்த சதையை நீக்கி, உப்புநீரில் கழுவினால் போதும் என்று ரைட்டும் இவரும் சொன்னார்கள். பெரும்பாலான ராணுவ டாக்டர்கள் பழைய முறையிலேயே போனார்கள்.

ஒரு மருந்து கிருமியைக் கொல்லும் என்பது பாதி உண்மைதான். எந்த அளவில், எந்த இடத்தில், யாரைக் கொல்கிறது என்பதுதான் மீதி. இந்தப் பாடத்தை ஃப்ளெமிங் கடைசிவரை மறக்கவில்லை.

போர் நடக்கும்போதே, 1915 டிசம்பரில், சாரா மெக்எல்ராய் என்ற அயர்லாந்து நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 1924-ல் ராபர்ட் என்று ஒரு மகன்.

அழுக்குத் தட்டுகளின் ஆராய்ச்சி

ஃப்ளெமிங்கின் மேஜை சுத்தத்துக்குப் பேர் போனது இல்லை. கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகளை உடனே கழுவ மாட்டார். வாரக்கணக்கில் அடுக்கி வைத்து, தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நம்ம லேப்பில் இப்படிச் செய்தால் இன்டர்னல் மார்க் போய்விடும்.

1921-ல் ஜலதோஷத்தில் இருந்தபோது தன் மூக்குச் சளியையே ஒரு தட்டில் போட்டுப் பார்த்தார். அதைச் சுற்றியிருந்த பாக்டீரியா கரைந்துபோனது. சளி, கண்ணீர், எச்சில், முட்டை வெள்ளைக்கரு எல்லாவற்றிலும் இருக்கிற ஒரு என்சைம் அது. லைசோசைம் என்று பெயர் வந்தது. கண்ணீர் தேவைப்பட்டதால் உடன் வேலை செய்தவர்கள் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து சேகரித்தார்களாம். ஆனால் லைசோசைம் கொன்றதெல்லாம் பெரும்பாலும் நமக்குக் கெடுதல் செய்யாத பாக்டீரியாவைத்தான்.

1928 செப்டம்பர் 3. விடுமுறை முடிந்து லேப்புக்கு வந்தார். ஊருக்குப் போகும் முன் அடுக்கி வைத்த ஸ்டெஃபிலோகாக்கஸ் தட்டுகளில் ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சையைச் சுற்றி மட்டும் பாக்டீரியா இல்லை. தள்ளி இருந்தவை நன்றாகவே இருந்தன. பூஞ்சையின் விதைத்தூள் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் ஒரு பூஞ்சை ஆராய்ச்சியாளர் வைத்திருந்த லேப்பிலிருந்து மிதந்து வந்திருக்கும் என்கிறார்கள். பூஞ்சை பெனிசிலியம் வகை. அது சுரக்கும் சாறுக்கு 1929 மார்ச்சில் பெனிசிலின் என்று பெயர் வைத்தார். அதே வருஷம் ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. அந்த முதல் கட்டுரையிலேயே பெனிசிலின் எந்தெந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்றும் எழுதியிருந்தார். டைஃபாய்டு வகை, குடலில் இருக்கும் கோலி வகை, அப்போது இன்ஃப்ளுயன்சா பாசில்லஸ் என்று அழைக்கப்பட்ட கிருமி, இவையெல்லாம் பெனிசிலினில் அசையவில்லை. மற்றதைக் கொன்று இதை மட்டும் பிரித்தெடுக்க லேப்பில் பெனிசிலின் உதவும் என்பது கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தது. அதாவது, எதைக் கொல்லாது என்பதையே ஒரு கருவியாகப் பயன்படுத்தினார்.

மருந்தாக்கும் முயற்சி நகரவில்லை. சாறு சீக்கிரம் கெட்டுப்போனது. சுத்தமாகப் பிரித்தெடுக்க அவருடைய குழுவுக்குக் கெமிஸ்ட்ரி பலம் போதவில்லை. ஆனால் பூஞ்சையை மட்டும் விடாமல் வளர்த்தார், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

அதே 1928, அதே லண்டன்

ஃப்ளெமிங் வாழ்க்கையிலிருந்து ஒரு நிமிஷம் வெளியே போய்வருவோம். அதே 1928-ன் தொடக்கத்தில், லண்டனில் அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்த ஃபிரெடரிக் கிரிஃபித் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியாவில் ஆபத்தில்லாத வகையை உயிரோடும், ஆபத்தான வகையைச் சூட்டில் கொன்றும் சேர்த்து எலிக்கு ஊசி போட்டார். தனித்தனியாகப் போட்டால் எலிக்கு ஒன்றும் ஆகாது. சேர்த்துப் போட்டால் எலி செத்தது. செத்த பாக்டீரியாவிடமிருந்து ஏதோ ஒன்று உயிருள்ள பாக்டீரியாவுக்குப் போய், அதையும் ஆபத்தானதாக மாற்றியிருந்தது. அந்த ஏதோ ஒன்று டி.என்.ஏ. என்று 1944-ல் அமெரிக்காவில் ஏவரி குழு காட்டியது. கிரிஃபித் அதைப் பார்க்க இல்லை. 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் இறந்துவிட்டார்.

மருந்தும், அந்த மருந்தைப் பிற்காலத்தில் தோற்கடிக்கப் போகும் வழியும், ஒரே ஊரில் ஒரே வருஷத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஆக்ஸ்ஃபோர்டு வேலையும் வாட்ஸ்அப் கதையும்

பெனிசிலினை மருந்தாக்கியது ஃப்ளெமிங் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் 1939-க்குப் பிறகு செய்த வேலை அது. 1940 மே மாதம் எட்டு எலிகளுக்குக் கிருமி ஏற்றி, நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். அந்த நான்கும் பிழைத்தன. 1941 பிப்ரவரியில் ஒரு போலீஸ்காரருக்குக் கொடுத்தார்கள். அசுர வேகத்தில் தேறினார். ஆனால் கையிருப்பு தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினைப் பிரித்து மறுபடி ஏற்றியும் போதவில்லை. மார்ச்சில் இறந்துவிட்டார்.

இதற்கு முன்பே, 1940 டிசம்பரில், செயினும் எட்வர்ட் ஆபிரகாமும் ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டிருந்தார்கள். சில பாக்டீரியாவிடம் பெனிசிலினையே அழிக்கிற ஒரு என்சைம் இருக்கிறது, பேர் பெனிசிலினேஸ். யோசித்துப் பாருங்கள்: மருந்து இன்னும் ஒரு நோயாளியைக்கூடக் காப்பாற்றவில்லை, அதற்கான எதிர்ப்பு ஏற்கெனவே ரெடி! காரணம், பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்ணில் பல கோடி வருஷமாகச் சண்டை போடுகின்றன. நாம்தான் லேட்.

1942-ல் மூளை உறைக்காய்ச்சலில் சாகக்கிடந்த ஒருவருக்கு ஃப்ளோரியிடமிருந்து மருந்து வாங்கி, முதுகுத்தண்டிலேயே ஊசி போட்டு ஃப்ளெமிங் காப்பாற்றினார். பத்திரிகைகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. ஃப்ளோரிக்குப் பேட்டி கொடுக்கப் பிடிக்காது. அதனால் புகழ் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தன்னைப் பற்றி வந்த கட்டுக்கதைகளை ஃப்ளெமிங் வெட்டி ஒட்டிச் சேர்த்துக்கூட வைத்திருந்தார்.

ஃப்ளெமிங்கின் அப்பா குளத்தில் மூழ்கிய சிறுவன் சர்ச்சிலைக் காப்பாற்றினார், சர்ச்சிலின் அப்பா ஃப்ளெமிங்கைப் படிக்க வைத்தார், பிறகு சர்ச்சிலை பெனிசிலின் காப்பாற்றியது என்று ஒரு ஃபார்வர்டு உங்கள் ஃபேமிலி குரூப்பிலும் வந்திருக்கும். சுத்தப் பொய். இவர் எப்படிப் படித்தார் என்று மேலே பார்த்தோம். 1943-ல் நிமோனியா வந்த சர்ச்சிலுக்குக் கொடுத்தது சல்ஃபா மாத்திரை.

நோபல் மேடையில் ஒரு கற்பனைக் குடும்பம்

1944-ல் சர் பட்டம். 1945-ல் ஃப்ளோரி, செயின் ஆகியோரோடு நோபல். டிசம்பர் 11-ம் தேதி ஸ்டாக்ஹோமில் பேசிய ஃப்ளெமிங், உரையின் கடைசிப் பகுதியில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டைவலி. தானே போய் பெனிசிலின் வாங்குகிறார். கிருமி சாகிற அளவுக்குச் சாப்பிடவில்லை, அது பழகிக்கொள்கிற அளவுக்குத்தான் சாப்பிடுகிறார். பழகிய அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. அவருக்கு பெனிசிலின் கொடுத்தும் கேட்கவில்லை. இறந்துபோகிறார். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, அந்தக் கணவரைத்தான் கைகாட்டினார்.

லேப்பில் பெனிசிலினைக் குறைந்த அளவில் கொடுத்து, எதிர்த்து நிற்கும் கிருமியை உருவாக்குவது சுலபம் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பயம். 1947-ல் பிரிட்டன், டாக்டர் சீட்டு இல்லாமல் பெனிசிலின் கிடைக்காது என்று சட்டமே போட்டது.

ஃப்ளெமிங்கின் கணிப்பு பெரிய அளவில் சரி. ஆனால் இரண்டு விஷயங்கள் அவர் சொன்ன மாதிரி நடக்கவில்லை.

ஒன்று, கிருமி. அவர் கதையில் சொன்னது தொண்டைவலி உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அது இன்றுவரை பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது. வேகமாக நழுவியது ஸ்டெஃபிலோகாக்கஸ், அதாவது 1928-ல் அவருடைய தட்டில் கரைந்துபோன அதே வகை.

இரண்டு, இடம். பிரச்சினை பெரிதாக வெடித்தது வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில். ஃப்ளெமிங்கின் லேப்பிலிருந்து சில மைல் தூரத்தில் இருந்த ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் மேரி பார்பர் என்ற பாக்டீரியா நிபுணர் நோயாளிகளின் ஸ்டெஃபிலோகாக்கஸைச் சோதித்துக்கொண்டே வந்தார். பெனிசிலினுக்கு மசியாதவை 1946-ல் 14 சதவீதம், 1947-ல் 38 சதவீதம், 1948-ல் 59 சதவீதம். நோபல் உரை முடிந்து மூன்றே வருஷம்! ஒவ்வொரு நோயாளி உடம்பிலும் கிருமி தனித்தனியாகப் பாடம் படிக்கவில்லை. பெனிசிலினேஸ் வைத்திருந்த வகை முதலிலேயே கொஞ்சம் இருந்தது. மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் காலி பண்ணிக் கொடுத்தது. பிறகு அது கட்டிலிலிருந்து கட்டிலுக்கு, டாக்டர், நர்ஸ் ஆகியோரின் கையிலும் மூக்கிலும் ஏறிப் பரவியது.

ஜீன் எப்படி ஊர் சுற்றுகிறது

பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டுவதற்குச் சில என்சைம்களை வைத்திருக்கிறது. பெனிசிலின் அவற்றில் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். சுவர் பலவீனமாகி, தண்ணீர் உள்ளே ஏறி, பாக்டீரியா வெடிக்கும். பெனிசிலின் மூலக்கூறில் பீட்டா லாக்டாம் என்று ஒரு வளையம் உண்டு, ஒட்டுவது அதனால்தான். பெனிசிலினேஸ் அந்த வளையத்தை உடைத்துவிடும்.

ஸ்டெஃபிலோகாக்கஸில் அந்த என்சைமுக்கான ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் இருக்கிறது. பிளாஸ்மிட் என்பது முக்கிய டி.என்.ஏ.வுக்கு வெளியே தனியாக இருக்கும் ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம். நம்ம பாஷையில் பென்டிரைவ். ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்கு, சில சமயம் வேறு இனத்துக்கே கைமாறும். 1959-ல் ஜப்பானில், பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே தடவையில் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பென்டிரைவில் நாலைந்து ஃபைல் இருப்பது மாதிரி. இதனால், ஒரு மருந்தைக் கொடுத்தாலும் மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே பரவும். ஜீன் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று கிரிஃபித்தின் எலி சொன்னது இதைத்தான்.

ஐ.சி.யு. இதற்கு மிகச் சரியான இடம். பலவீனமான நோயாளிகள், உடம்புக்குள் குழாய்கள், தினமும் ஆன்டிபயாடிக், ஒருவரைத் தொட்ட கை உடனே அடுத்தவரைத் தொடும்.

கடைசி வருஷங்கள்

ஃப்ளெமிங் உலகம் முழுக்கச் சுற்றினார், பட்டங்கள் குவிந்தன. மாட்டுக்கொம்பு குத்திய காயத்திலிருந்து காளைச் சண்டை வீரர்களைக் காப்பாற்றிய மருந்து என்று, மாட்ரிட் காளை அரங்குக்கு வெளியே அவருக்குச் சிலைகூட வைத்தார்கள். 1949-ல் மனைவி சாரா இறந்தார். 1953-ல் தன் லேப்பில் வேலை பார்த்த கிரேக்க மருத்துவர் அமாலியாவை மணந்தார். 1955 மார்ச் 11, மாரடைப்பு. லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் அடக்கம்.

அடுத்தது நடந்ததை அவர் பார்க்கவில்லை. பெனிசிலினேஸால் உடைக்க முடியாத மெத்திசிலின் 1960 வாக்கில் வந்தது. 1961-லேயே அதையும் எதிர்க்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் பற்றி இங்கிலாந்திலிருந்து தகவல் வந்தது. இன்று எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சொல்வது அதைத்தான். இந்தத் தடவை கிருமி வளையத்தை உடைக்கவில்லை. மெக்-ஏ என்ற ஜீன் மூலம், மருந்து ஒட்ட முடியாத இன்னொரு சுவர் கட்டும் என்சைமையே வைத்துக்கொண்டது.

நம்ம பக்கமும் வருவோம். கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையும் உடைக்கும் என்.டி.எம்-1 என்சைமைப் பற்றி 2010-ல் வெளியான முக்கியமான ஆய்வில், மெட்ராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்தான் முதல் பெயர். சென்னையில் எடுத்த பாக்டீரியாவும் அதில் இருந்தது. அந்த ஜீனும் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில்தான் பயணம் பண்ணுது.

பயமுறுத்திவிட்டு முடிக்க விருப்பமில்லை. ஹேமர்ஸ்மித்தில் எண்களைக் காட்டிய அதே மேரி பார்பர், அங்கேயே ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி, தொற்று பரவாமல் கவனித்தார்கள் என்றால் எதிர்ப்புள்ள கிருமிகள் குறைகின்றன என்று 1960-ல் நிரூபித்தார். புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. அளவோடு கொடு, கையைச் சுத்தமாக வை, அவ்வளவுதான். பூலோனில் உப்புநீரோடு நின்ற இளம் ஃப்ளெமிங் இதைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

எக்ஸாம் வாரத்தில் சளி, காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் போய் மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுங்கண்ணா என்று கேட்கிற பழக்கம் நம்ம ஹாஸ்டலில் யாருக்கு இல்லை? சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. நம் உடம்பில் சும்மா இருக்கிற பாக்டீரியாவைத்தான் வடிகட்டும். அதில் தப்பித்தது எது, அது யாருடைய ஐ.சி.யு. கட்டிலுக்குப் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியப் போவதே இல்லை. டாக்டர் எழுதினால், எழுதிய அளவில், எழுதிய நாள்வரை சாப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுவோம்.

நோபல் உரையில் ஃப்ளெமிங் சொன்ன அந்தக் கணவருக்குப் பெயர் கிடையாது. வெறும் மிஸ்டர் எக்ஸ். அந்த இடத்தில் யார் பெயர் வேண்டுமானாலும் வரலாம்.